சாரலும் சக்கரமும்

தமிழிலே சாரல் என்பது இருபொருள் தரும் ஒரு சொல். மலையின் பக்கமும் சாரல். காற்று அடித்துக் கொணரும் நுண்மழையும் சாரல். சார்தல் என்னும் வினையே இரண்டுக்கும் தாய் எனக் கொள்ளலாம். மலையைச் சார்ந்து கிடப்பது ஒன்று. காற்றைச் சார்ந்து வந்து நம்மேற் படிவது மற்றொன்று. கீழைத்தேயக் கல்லூரியிலே நான் பண்டித வகுப்பிற் படித்த காலத்தில், இவ்விரு பொருளும் விளங்குமாறு ஒரே வாக்கியம் அமைக்கும்படி எங்கள் ஆசிரியர் ஒருநாள் பணித்தார். ஏனைய மாணவர் அருவியையும் மந்தியையும் மயிலையும் துணைக்கு அழைத்தனர். நான் எழுதியது இது: “சாரலிலே சாரலில் நனைந்தபடி சைக்கிளில் வந்தார் என் தந்தையார்.” ஆசிரியர் வாய்விட்டு நகைத்தார். பின்னர், “உன் தந்தையார் யார்?” என்று வினவினார். “தோட்டத்துத் தபால்காரர், ஐயா” என்றேன். அவர் நகைப்பை நிறுத்திக்கொண்டு, “வாக்கியத்தில் வழுவில்லை, உட்கார்” என்றார்.

அந்த வாக்கியத்தை விரித்து எழுதவேண்டும் என்ற எண்ணம் எனக்கு நெடுநாளாக உண்டு. இப்பொழுது எழுதத் தூண்டியது ஒரு கேள்வி. ஐம்பத்தைந்து வயது கடந்த நான், மாத்தளை நகரிலிருந்து இரத்தோட்டைப் பக்கம் மழையிலே சைக்கிள் மிதித்துச் செல்வதைக் காணும் அன்பர்கள், “பண்டிதர் ஐயா, பஸ் இருக்கின்றது, முச்சக்கரவண்டி இருக்கின்றது, இந்த மழையில் இது எதற்கு?” என்று கேட்கின்றனர். மாணவர்கள் வாய்திறந்து கேட்பதில்லை. கடை வாசல்களில் ஒதுங்கி நின்று பார்த்துச் சிரிக்கின்றனர். இருசாராருக்கும் விடை சொல்லும் கடமை எனக்கு உண்டு.

முதலில் மழையைப்பற்றிச் சில சொல்வேன். மாத்தளை கண்டிக்கு வடக்கே ஏறத்தாழ 26 கிலோமீற்றர் தொலைவில், கடல்மட்டத்துக்கு ஏறக்குறைய 360 மீற்றர் உயரத்தில் உள்ளது. கிழக்கே நக்கிள்ஸ் மலைத்தொடர் எழுந்து 1,900 மீற்றரை எட்டும். வடக்கே நாலந்தையைக் கடந்து தம்புள்ளையை நோக்கிச் சென்றால் நிலம் தாழ்ந்து உலர்வலயமாகிவிடும். ஆகவே ஈரமும் வறட்சியும் கைகோத்து நிற்கும் வாசற்படி இம்மாவட்டம். இரத்தோட்டைக்கு மேலே நீர் வழிந்தோடும் வேளையில், தம்புள்ளை வீதியில் புழுதி பறக்கக் கண்டிருக்கிறேன். எங்களுக்குப் பெருமழை ஒக்டோபர் தொடங்கி ஜனவரி வரை. முதலில் இடைப்பருவத்து மழை: காலையிலே தெளிந்த வெயில் இருக்கும், பிற்பகல் இரண்டு மணியளவில் மலைமேற் கருமை திரளும், இடி முழங்கும், ஒரு நாழிகையில் வீதி ஓடையாகும். அதன்பின் வடகீழ்ப் பருவக்காற்றின் மழை: ஆரவாரமின்றி வந்து, நாட்கணக்கில் விடாது பெய்யும். முன்னையது சினத்தை ஒத்தது. பின்னையது துயரத்தை ஒத்தது.

தொல்காப்பியர் முல்லைக்குக் காரும் மாலையும், குறிஞ்சிக்குக் கூதிரும் யாமமும் பொழுதாக வகுத்தார். கூதிர் என்பது ஐப்பசியும் கார்த்திகையும். வகுப்பிலே இதனைப் படிப்பிக்கும்போதெல்லாம் நான் சாளரத்தினூடாக மலையைக் காட்டுவேன். எங்கள் குறிஞ்சி நிலத்துக்கும் ஐப்பசியும் கார்த்திகையுமே உரிய காலம். அதை இங்கே நூல் பார்த்து அறிய வேண்டியதில்லை, கூரையைப் பார்த்தே அறியலாம்.

இனி வண்டியைப்பற்றி. அரசாங்க ஏடுகளில் அது துவிச்சக்கர வண்டி, தனித்தமிழ் அன்பர்க்கு ஈருருளி, பாடநூலில் மிதிவண்டி. வாயிலே வழங்குவது சைக்கிள். நானும் பழகிய பெயரையே ஆள்வேன்.

சைக்கிளை மழையின் பிள்ளை எனக் கூறினும் பொருந்தும். 1815ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், இன்றைய இந்தோனேசியாவிலுள்ள தம்போரா எரிமலை வெடித்தது. அது வானிற் செலுத்திய துகள் உலகைச் சூழ்ந்தமையால், மறு ஆண்டில் ஐரோப்பாவிலே கோடைகாலமே இல்லாது போயிற்று. ஓயாத மழையாலும் குளிராலும் பயிர்கள் அழிந்தன, குதிரைகளுக்குத் தீனியில்லை. 1817இல் ஜேர்மனியிலே கார்ல் டிரைஸ் என்பவர், குதிரை வேண்டாத இருசக்கர வண்டி ஒன்றைச் செய்து, கால்களால் நிலத்தை உந்தி ஓட்டிக் காட்டினார். அந்தப் பஞ்சமே இந்தக் கண்டுபிடிப்பைத் தூண்டிற்று என்று கருதும் வரலாற்றாசிரியரும் உளர். பின்னர் 1885இல் இங்கிலாந்தில் ஸ்ராலி என்பவர் இரு சக்கரமும் ஒத்த அளவினதாய்ச் சங்கிலி பூட்டிய வண்டியை அமைத்தார். 1888இல் பெல்பாஸ்ற் நகரில் வாழ்ந்த கால்நடை வைத்தியர் டன்லொப், தம் மகனின் வண்டி குலுங்காது ஓடவேண்டுமென்று செய்துபார்த்த காற்றடைத்த டயருக்கு உரிமம் பெற்றார்.

அந்த டயரோடு எங்கள் கதையும் சேர்கிறது. அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகள் முன்பே, 1876இல், அமேசன் காட்டு வித்துக்களிலிருந்து முளைத்த இறப்பர்க் கன்றுகள் இலண்டனிலிருந்து வந்து, கம்பஹாவின் எனரத்கொடைத் தோட்டத்தில் நடப்பட்டன. கோப்பி நோயால் அழிந்த மலைச்சரிவுகளில் தேயிலையும், தாழ்ந்த சரிவுகளில் இறப்பரும் கொக்கோவும் பரவின. மாத்தளை மாவட்டத்தில் இம்மூன்றும் உண்டு. மிளகும் ஏலமும் சாதிக்காயும் உண்டு. மழை பெய்யும் நாளில் இறப்பர்ப் பால் வெட்ட முடியாது. வெட்டினால் பால் மழைநீரோடு கலந்து வீணாகும். பால்வெட்டு இல்லையெனில் அன்றைக்குப் பேர் விழுவதும் ஐயமே. உலகமெங்கும் மழையில் ஓடுகின்ற சக்கரத்துக்கு உறையான அப்பாலை எடுத்தவன், மழைநாளில் லயத்து வாசலிற் குந்தியிருந்து வானத்தைப் பார்த்தான்.

வீதிக்கும் ஒரு வரலாறு உண்டு. இன்று ஏ-9 என எண்ணிட்டு அழைக்கும் கண்டி–யாழ்ப்பாண வீதி மாத்தளையின் நடுவே செல்கிறது. கோப்பிக் காலத்திலே தென்னிந்தியாவிலிருந்து தோணியில் மன்னார்க் கரையில் இறங்கிய எம் முன்னோர், வடக்குக் காட்டினூடாக நடந்து, தம்புள்ளை, நாலந்தை வழியாக மாத்தளையை அடைந்தனர். வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் பசியாலும் வழியில் மாண்டோர் பலர். காடு கடந்து உயிரோடு வந்தவர் கண்ட முதல் மலைநகர் மாத்தளை. அங்கே முத்துமாரியம்மன் கோயில் கொண்டிருப்பது தற்செயலன்று. மாரி என்பது மழைக்கும் பெயர். கண்டியிலிருந்து புகையிரதம் மாத்தளைக்கு வந்தது 1880இல். அது இன்றும் அங்கேயே முடிகிறது. மலையேறும் எல்லாப் பாதைக்கும் அதற்கு மேல் காலும் சக்கரமுமே துணை.

இப்பொழுது என் தந்தையாரிடம் வருகிறேன். இரத்தோட்டைக்கு மேலுள்ள ஒரு தோட்டத்தில் அவர் தபால்காரர். அரசாங்கத் தபால்காரர் அல்லர். தோட்டத்துச் செக்றோலிலே பேர் உள்ள தொழிலாளி. தோட்டத்துக் கடிதங்களைத் தபாற் கந்தோருக்குக் கொண்டுசென்று கொடுத்து, அங்கு வந்து கிடப்பவற்றைத் தோட்டக் கந்தோருக்குக் கொண்டுவருவது அவர் வேலை. காக்கிக் கித்தானிற் தைத்த பை. அதற்கு ஒரு பூட்டு. ஒரு திறப்பு தபாற் கந்தோரில். மற்றது தோட்டத்துப் பெரிய கிளாக்கரிடம். பையைச் சுமந்தவரிடம் திறப்பு இல்லை. துரைக்கு வரும் பத்திரிகையும், கடைக்காரர் கணக்கும், திருமண ஓலையும், மரணத் தந்தியும் அதற்குள்ளே இருக்கும். தாம் சுமப்பது இன்பமா துன்பமா என்று அறியாமலே நாள்தோறும் மலையேறினார்.

அவருடைய சைக்கிள் இங்கிலாந்திலே செய்யப்பட்டது. ஒரு கணக்கப்பிள்ளை ஓய்வு பெற்றபோது தவணைமுறையில் விற்றுச் சென்றது. மழைநாட்களில் மலையிலே கொழுந்தெடுக்கும் பெண்கள் சாக்கை மடித்துத் தலைமேற் கொங்காணி இட்டு, இடுப்பிலே படங்கு கட்டுவர். பழைய தலைமுறையினர் கறுப்புக் கம்பளி போர்த்தினர். என் தந்தையாரிடம் ஒரு நல்ல கம்பளி இருந்தது. ஆனால் அவர் அதனை ஒருநாளும் தம்மேற் போர்த்தியதில்லை. பைக்குப் போர்த்தினார். உரமூட்டையின் உள்ளே இருக்கும் பொலித்தீன் உறை முதலில், அதன்மேற் கம்பளி, அதன்மேல் இறுக்கிய கயிறு. தாம் நனைந்து வந்து வாசலில் நின்று நடுங்குவார். அம்மா, “அந்தப் பைக்கு இருக்கிற மரியாதை உங்கள் உடம்புக்கு இல்லையே” என்பார். “உடம்பு காயும், எழுத்து காயாது” என்பது அவர் மறுமொழி.

மழையிலே சைக்கிள் ஓட்டுவதற்கு அவரிடம் நான்கு விதிகள் இருந்தன. எழுதப் படிக்க அதிகம் அறியாத அவர் அவற்றைச் சூத்திரம்போலச் சுருக்கமாகச் சொல்வார்.

முதல் மழையை நம்பாதே என்பது ஒன்று. மழை தொடங்கிய முதற் சிறிது நேரமே வீதி மிக வழுக்கும். நாட்கணக்கில் படிந்த புழுதியும் எண்ணெயும் சிறிது நீரோடு கலந்து களிம்பாகி நிற்கும். பெருமழை அதனைக் கழுவியபின் வீதி ஓரளவு பிடிகொடுக்கும்.

இறக்கத்துக்கு முன்பே பிறேக்கைத் துடை என்பது இரண்டு. பழைய சைக்கிளின் சக்கர வளையம் முலாம் பூசிய உருக்கு. பிறேக் கட்டை இறப்பர். இரண்டுக்கும் இடையே நீர் புகுந்தால், உலர்ந்த நிலையிலுள்ள பிடியில் பத்தில் ஒரு பங்குகூட மிஞ்சாதென்று பிற்காலத்து ஆய்வாளர் அளந்து கண்டனர். சக்கரம் சிலமுறை சுழன்று, கட்டையானது நீரை வழித்தெறிந்த பின்னரே பிடி விழும். ஆகையால் இறக்கம் தொடங்குவதற்குச் சற்று முன்னரே பிறேக்கை மெல்லத் தொட்டுத் தொட்டு விடவேண்டும். அளவுகோல் இன்றி இதனை அவர் அறிந்திருந்தார்.

தண்டவாளத்தையும் பாலத்துப் பலகையையும் நேரே கட என்பது மூன்று. நனைந்த இரும்பும் நனைந்த மரமும் சரிந்து வரும் சக்கரத்தை மன்னிப்பதில்லை.

அடி தெரியாத தண்ணீரில் சக்கரத்தை விடாதே என்பது நான்கு. குடையை ஒரு கையிற் பிடித்து ஓட்டுவோரைக் கண்டால், “ஒரு கையால் வானத்தையும் ஒரு கையால் பூமியையும் பிடிக்கப் பார்க்கிறான்” என்று சிரிப்பார்.

இவ்வளவும் அறிந்தவர் ஒருநாள் விழுந்தார்.

அது 1979ஆம் ஆண்டு, கார்த்திகை மாதம். எனக்கு ஒன்பது வயது. அக்காலத்து மலையகக் கடிதங்களின் கனத்தை இன்றைய மாணவருக்குச் சிறிது விளக்கவேண்டும். 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் தோட்டத் தமிழர் மிகப் பலரை நாடற்றவர் ஆக்கிற்று. 1964 ஒக்டோபர் 30இல் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் ஒப்பமாயிற்று: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மீந்திருந்த 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பங்கிட்டன. பங்கீடு தாள்மேல் நடந்தது. பிரிவு லயத்துக்குள்ளே நடந்தது. அண்ணன் இங்கே, தம்பி அங்கே. பெற்றோர் அங்கே, மணமான மகள் இங்கே. ஒவ்வொரு குடும்பத்தின் விதியும் ஒரு கபில நிறக் கடித உறையிலே வந்தது. அவ்வுறை தபாற்பையிலே வந்தது.

எங்கள் லயத்தின் கடைசிக் காம்பராவில் இருந்த குடும்பம் இந்தியாவுக்கு மனுக்கொடுத்திருந்தது. அவ்வீட்டுப் பையன் என் வயதினன். என் பங்காளி போன்றவன். நாங்கள் இருவரும் சேர்ந்தே பள்ளிக்குச் சென்றோம். ஒரு சிலேற்றில் இருவரும் எழுதினோம்.

இரத்தோட்டைக் கடைவீதியை விட்டதும் எங்கள் பாதை ஓர் ஓடைவரை இறங்கும். அங்கே அந்நாளில் ஒரு மரப்பாலம். அதற்கப்பால் ஏற்றம். அன்று மாலை இறக்கத்தில் வரும்போது மழை வலுத்தது. பிறேக் பிடிக்கவில்லை. பாலத்துப் பலகைகளுக்கிடையே முன்சக்கரம் சிக்கிற்று. தந்தையார் ஒரு பக்கம், பை ஓடைக்குள். கம்பளி அவிழ்ந்து நீரோடு போயிற்று. இடுப்பளவு நீரில் இறங்கிப் பையை மீட்டார். முழங்காலில் குருதி வழியத் தோட்டக் கந்தோருக்குச் சென்று பூட்டுத் திறக்கும்வரை நின்றார்.

ஏனைய கடிதங்கள் நனைந்தும் பிழைத்தன. கண்டியிலிருந்து கடைசிக் காம்பராவுக்கு வந்த கபில உறை பிழைக்கவில்லை. அச்சிட்ட வரிகள் இருந்தன. மையினால் எழுதிய திகதி மட்டும் நீலக்கறையாய்க் கரைந்து கிடந்தது. குடும்பத்தார் எல்லோரும் எந்த நாளிற் கண்டிக்குச் சமுகமளிக்கவேண்டும் என்ற திகதி அது. அந்நாள் தவறினால் மறுமுறை அழைப்பு எப்பொழுது வருமென்று எவரும் சொல்ல முடியாது. அதற்குள் வேலைநீக்கச் சீட்டும் சேமலாபப் பணமும் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ளும். இங்கும் இல்லை, அங்கும் இல்லை என்ற நிலையில் நின்றோர் பலரை நாங்கள் அறிவோம்.

இரவு அக்காம்பராப் பெரியவர் தாளை ஏந்திக்கொண்டு எங்கள் வாசலுக்கு வந்தார். ஏசவில்லை. “அண்ணே, ஒங்களுக்கு இதில் ஏதும் எழுத்துத் தெரியுதா?” என்றுமட்டும் கேட்டார். எழுத்தறியாத என் தந்தையார் அத்தாளை வாங்கி விளக்கிலே நெடுநேரம் பிடித்துப் பார்த்தார். நான் பாயிற் படுத்தபடி பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த இடத்திலே ஓர் உண்மையை ஒளியாது எழுதவேண்டும். அந்தத் திகதி அழிந்தது நல்லதாயிற்று என்று நான் மகிழ்ந்தேன். அது ஒருபோதும் கிடைக்காதிருக்க வேண்டுமென்று மாரியம்மனை வேண்டினேன். திகதி கிடைத்தால் என் தோழன் போய்விடுவான் அல்லவா?

விடியுமுன் தந்தையார் எழுந்து சைக்கிளை எடுத்தார். முன்சக்கரத்தைக் கல்லால் தட்டி நேராக்கியிருந்தார். மழை விடவில்லை. அம்மா, “பஸ்ஸிலே போங்க, கைமாத்து வாங்கித் தாரேன்” என்றார். “இந்தச் சைக்கிள் விழுத்தினதை இந்தச் சைக்கிள்தானே எடுத்துக் கொடுக்கணும்” என்று சொல்லிப் புறப்பட்டார்.

இரத்தோட்டையிலிருந்து மாத்தளைக்கு ஏறத்தாழப் பத்துக் கிலோமீற்றர். அங்கிருந்து பலகடுவைக் கணவாய் ஏறி, அளவத்துகொடை, அக்குறணை, கட்டுகஸ்தோட்டை வழியாகக் கண்டிக்கு 26 கிலோமீற்றர். மாரியில் பிங்கா ஓயா பெருகினால் அக்குறணைக் கடைவீதியே நீருள் மூழ்குவது இன்றளவும் வழக்கம். அன்றும் அங்கே நீர் ஏறியிருந்தது. அடி தெரியாத தண்ணீரில் சக்கரத்தை விடாதே என்ற தம் விதிப்படி, சைக்கிளைத் தோளிலே தூக்கிக்கொண்டு கடந்தாராம். இவற்றையெல்லாம் அவர் பின்னாளில் கேட்டுக் கேட்டே சொன்னார்; தாமாகச் சொன்னவர் அல்லர்.

இரவு எட்டு மணிக்குமேல் திரும்பி வந்தார். கந்தோரில் இருந்தவர் பேரேட்டைப் புரட்டித் திகதியைக் கண்டு ஒரு துண்டுத் தாளிலே பேனாவால் எழுதப்போனபோது, “ஐயா, பென்சிலால் எழுதித் தாருங்கள், மழை பெய்கிறது” என்று தந்தையார் வேண்டிக்கொண்டாராம். பென்சிலின் கரி நீரிலே கரையாது. அத்தாளைப் பொலித்தீனிற் சுற்றி மடியில் வைத்தார். அதுவும் போதாதென்று, தாள் போயினும் நாள் போகாதிருக்க, கண்டியிலிருந்து தோட்டம்வரை அத்திகதியை வாயிலே சொல்லிக்கொண்டே மிதித்தார். வாசலில் நின்றதும் அவர் வாயினின்று வந்தது ஒரு நாளும் ஒரு மாதமும்தான். பிறகே தண்ணீர் கேட்டார்.

நான் அழுதேன். ஏன் அழுகிறேன் என்று அம்மாவுக்கு விளங்கவில்லை. தந்தையாருக்கு விளங்கிற்றென்றே எண்ணுகிறேன். ஈரக் கையை என் தலைமேல் வைத்து, “தம்பி, கடுதாசி நமக்குச் சொந்தமில்லை, கொண்டுபோய்க் கொடுக்கிறதுதான் நம்ம வேலை” என்றார். மறுநாள் செக்றோலில் அவருக்குப் பேர் இல்லை. அனுமதியின்றிப் போன நாளுக்கு ஒருநாட் கூலி வெட்டப்பட்டது. அதைப்பற்றி அவர் ஒருபோதும் முறையிட்டதில்லை.

மறு ஆண்டில் அக்குடும்பம் புறப்பட்டது. தலைமன்னாருக்குச் செல்லும் அப்புகையிரதத்துக்கு மலையகத்தார் ஒப்பாரிக் கோச்சி என்று பெயரிட்டிருந்தனர். போவோரும் நிற்போரும் எழுப்பிய ஓலமே அப்பெயரைத் தந்தது. தலைமன்னாரிலிருந்து இராமேசுவரத்துக்குக் கப்பல். 1984இல் அக்கப்பலும் நின்றது. தாயகம் திரும்பியோருக்காக 1968இல் தமிழ்நாட்டரசு தொடங்கிய தேயிலைத் தோட்டங்கள் நீலகிரியில் இருந்தன. சில மாதங்களின் பின் கோத்தகிரியிலிருந்து என் தோழனின் கடிதம் வந்தது. கொண்டுவந்தவர் என் தந்தையார், பையிலே, மழையிலே. இங்கேயும் தேயிலைதான், இங்கேயும் சாரல்தான் என்று அவன் எழுதியிருந்தான். பென்சிலால் எழுதியிருந்தான்.

நான் படித்து ஆசிரியனானேன். தந்தையார் காலமானார். நாடற்றிருந்தோரின் எச்சத்தினருக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டத்தினால் பிரசாவுரிமை கிட்டிற்று. சைக்கிள் எங்கள் வீட்டுப் பின்புறத்தில் துருவேறிக் கிடந்தது. 2022ஆம் ஆண்டில் நாடு பெற்றோலுக்கு வரிசையில் நின்றது. நகரெங்கும் பழைய சைக்கிள்கள் மூலைகளிலிருந்து வெளிவந்தன. யாழ்ப்பாணத்தார் தொண்ணூறுகளில் எரிபொருட் தடையின்போது இதே சக்கரத்தாலே வாழ்ந்தனர் என்பதை அப்பொழுது பலரும் நினைவுகூர்ந்தோம். நானும் தந்தையாரின் வண்டியைத் துடைத்து, டயரும் டியூபும் சங்கிலியும் மாற்றி ஏறினேன். பெற்றோல் திரும்பி வந்தபின் பலர் இறங்கிவிட்டனர். நான் இறங்காமைக்குக் காரணம் உண்டு.

தோட்டங்களில் லயத்துக் காம்பராக்களுக்குத் தனி முகவரி இல்லாமை நெடுங்காலக் குறை. இன்றும் பல தோட்டங்களில் கடிதங்கள் தோட்டக் கந்தோருக்கே போகின்றன. அங்கிருந்து வருவது எவரேனும் எடுத்துக் கொடுக்கும்போதே. சில ஆண்டுகளின் முன், என்னிடம் தமிழ் படித்த ஒரு மாணவிக்கு ஆசிரியர் பயிற்சிக்கான நேர்முகப் பரீட்சை அழைப்பு வந்தது. ஓரிடத்திலே அது பதினொரு நாள் கிடந்தது. அவள் கைக்கு வந்தபோது நேர்முகம் நடந்து முடிந்திருந்தது. அவள் என்னிடம் வந்து கடிதத்தை நீட்டினாள். அதன் எழுத்து ஒன்றும் அழிந்திருக்கவில்லை. திகதி தெளிவாகவே இருந்தது. எனினும் அன்று ஓடையில் கரைந்த திகதியினும் அது கொடிதாகத் தோன்றிற்று. மழை செய்ததைத் திருத்த ஒரு மனிதன் எழுபது கிலோமீற்றருக்கு மேல் மிதித்தான். மனிதர் அசட்டையாற் செய்ததைத் திருத்த எவ்வளவு தூரம் மிதிப்பது?

அன்றுதொட்டு, மேற்படிப்புக்கும் வேலைக்கும் மனுச்செய்யும் தோட்டத்துப் பிள்ளைகளிடம் என் வீட்டு முகவரியை எழுதும்படி கூறிவருகிறேன். கைபேசி வந்த காலத்தில் கடிதம் எதற்கென்று கேட்பீர்கள். பதிவுத் தபாலில் வரும் அழைப்பும் சான்றிதழும் இன்னும் தாளாகவே வருகின்றன. கைபேசிச் சைகையும் மலைமடிப்புக்குள் எங்கும் எட்டுவதில்லை. கடிதம் வந்த அன்று மாலையே கொண்டுபோய்க் கொடுத்துவிடுவேன். லயத்துக்கு ஏறும் பாதை முச்சக்கரவண்டிக்கு ஏற்றதன்று. பஸ் சந்தியிலேயே நின்றுவிடும். முடிந்தவரை மிதித்து, முடியாத இடத்தில் தள்ளிச் செல்ல ஏற்றது சைக்கிளே. மழை பெய்யும் என்று தபால் காத்திருக்க முடியாது. அன்பர்களின் கேள்விக்கு இதுவே என் விடை.

மழையைப் போற்றி மட்டும் எழுதுவது இக்காலத்தில் நேர்மையாகாது. 2025ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் டித்வா புயல் கொணர்ந்த மழையும் மண்சரிவும் மலைநாட்டில் எத்தனை உயிர்களைக் கொண்டன என்பதை நாம் மறக்க முடியாது. அந்நாட்களில் எவரும் சைக்கிளில் ஏறலாகாது, ஏறவும் முடியாது. வீதி இருந்த இடத்தில் வீதி இல்லை. மழையை அறிந்தவன் என்பவன், எப்பொழுது புறப்படக்கூடாது என்பதையும் அறிந்தவனே. தந்தையாரின் நான்கு விதிகளோடு இதனை ஐந்தாவதாக நான் சேர்த்துக்கொண்டேன்.

சென்ற மாதம் ஒருநாள் மாலை, அவ்வாறே ஒரு கடிதத்தோடு சென்றேன். மரப்பாலம் இருந்த இடத்தில் இப்பொழுது சீமெந்துப் பாலம். இறக்கத்துக்கு முன்பே பிறேக்கைத் தொட்டுத் துடைத்தேன்; பழக்கம். லயத்து வாசலில் அப்பிள்ளை கடிதத்தைப் பிரித்துத் திகதியை வாசித்தாள். பின் உள்ளே ஓடி, காய்ந்த துவாய் ஒன்றும் ஒரு கோப்பை வெறுந்தேநீரும் கொண்டுவந்தாள். திரும்புகையில் பெருமழை விட்டுவிட்டது; தூவானம் விடவில்லை. மேலே மலைச்சாரல், முகத்திலே மழைச்சாரல். என் சட்டைப்பையில் ஒரு துண்டுப் பென்சில் இருந்தது. அது எப்பொழுதும் இருக்கும்.